உதவி: மென்பொருள் தேவைகளை வகைப்படுத்தும் மாடல் சிறிய வகைகளுக்குப் பூச்சியம் காட்டுகிறது

வெள்ளவத்தை மாணவி:
கம்பஸ் இறுதியாண்டு ப்ராஜெக்ட். செயல்சாராத் தேவைகளை (மென்பொருள் என்ன செய்யும் என்பதல்ல, எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும் என்பவை) பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்று தானாகப் பிரிக்க வேண்டும். லேபல் போட்ட தேவை வாக்கியங்கள் உள்ள பிராமிஸ் தரவுத்தொகுப்பில் டிஎஃப்-ஐடிஎஃப் (சொற்களுக்கு எடை போடும் முறை), எஸ்விஎம் (வகைப்படுத்தும் மாடல்) போட்டேன். மொத்தத் துல்லியம் பரவாயில்லை. ஆனால் வழு தாங்குதிறனுக்கு எஃப்1 (ஒரு வகையைத் தவறவிடாமலும் தவறாகச் சொல்லாமலும் பிடிக்கிறதா என்ற அளவு) பூச்சியம். பஸ் ஆசன முன்பதிவு ஆவணம் ஒன்றைக் கொடுத்தால் பாதிக்கு மேல் ‘பயன்பாட்டு எளிமை’ என்கிறது. பேர்ட்டுக்கு (முன்பே பயிற்சி பெற்ற மொழி மாடல்) மாறினால் சரிவருமா?

கொட்டாஞ்சேனை டெஸ்டர்:
தங்கச்சி, மாடலை விடுங்கள், முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். 625 வாக்கியங்களில் 255 செயல்சார்ந்தவை. மிச்சத்தில் பயன்பாட்டு எளிமை 67, பாதுகாப்பு 66, வழு தாங்குதிறன் 10. போர்ட்டபிலிட்டி (வேறு தளத்துக்கு மாற்றும் வசதி) ஒன்றே ஒன்று! அதைத் தூக்கிவிடுங்கள். சிறிய வகைகளும் எடுபட, வகை எடையை ‘பேலன்ஸ்ட்’ என்று வையுங்கள். அறிக்கையில் மேக்ரோ எஃப்1 (எல்லா வகைகளின் எஃப்1 சராசரி) போடுங்கள். வெறும் துல்லியம் பெரிய வகைகளின் பக்கமே பேசும்.

பழைய பிஏ (பிசினஸ் அனலிஸ்ட்):
சோதனைக்குத் தரவை எப்படிப் பிரித்தீர்கள்? பிராமிஸ், மாணவர்களின் 15 ப்ராஜெக்ட்களின் தொகுப்பு. கலைத்துப் பிரித்தால் ஒரே ப்ராஜெக்டின் வாக்கியங்கள் இரண்டு பக்கமும் விழும். மாடல் தரப்பண்பைப் படிக்காமல் அந்தக் குழு எழுதும் பாணியைப் படித்துவிடும். வெளி ஆவணத்தில் சறுக்குவது இதனாலும் இருக்கலாம். ப்ராஜெக்ட் எண் தரவிலேயே இருக்கிறது, குரூப் கே-ஃபோல்ட் (ஒரு ப்ராஜெக்ட் முழுவதும் ஒரே பக்கம் விழும் பிரிப்பு) போடுங்கள். பேர்ட் அதற்கு அப்புறம். சொற்களை மட்டும் எண்ணுவதைவிட அது புதிய ப்ராஜெக்டுக்குத் தாக்குப்பிடிக்கும்.

வெள்ளவத்தை மாணவி:
நன்றி அண்ணா. அப்படிப் பிரித்ததும் மாடலின் மதிப்பெண் நிறைய இறங்கிவிட்டது, சுப்பர்வைசர் முகத்தை நினைத்தால்தான் பயம். இன்னொன்று: ‘கட்டணப் பக்கம் 3 விநாடிக்குள் திறக்க வேண்டும், அட்டை இலக்கம் லாக்கில் (பதிவுக் கோப்பில்) பதியக் கூடாது.’ இது எந்த வகை?

பழைய பிஏ:
இறங்கியதுதான் உண்மையான மதிப்பெண், அதையே காட்டுங்கள். அந்த வாக்கியத்தில் இரண்டு தேவை இருக்கிறது: வேகம், பாதுகாப்பு. காற்புள்ளியில் வெட்டினாலே போதும். வெட்ட முடியாதவற்றுக்குப் பல லேபல் முறை: வகைக்கு ஒரு ஆம்/இல்லை மாடல்.

கொட்டாஞ்சேனை டெஸ்டர்:
பஸ் ஆவணத்தில் கொஞ்சத்தை இரண்டு பேர் தனித்தனியாக லேபல் போட்டு, கப்பா (இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற அளவு) பாருங்கள். நீங்களே ஒத்துப்போகாத இடத்தில் மாடலைக் குறை சொல்ல முடியாது. ஐஎஸ்ஓ 25010 (மென்பொருள் தரப்பண்புகளுக்கான சர்வதேசத் தரநிலை) வகைகள் வேண்டுமென்றால் எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். 2011இல் 8 பண்புகள். 2023இல் 9, ‘சேஃப்டி’ (உயிர், உடைமைக்குத் தீங்கு வராமை) புதிதாக வந்தது. பிராமிஸில் உள்ள ‘தோற்றம்’ இரண்டிலும் தனிப் பண்பாக இல்லை.

வெள்ளவத்தை மாணவி:
2023 எடுக்கிறேன். தோற்றத்தைப் பயன்பாட்டு எளிமையோடு சேர்க்கலாமா?

கொட்டாஞ்சேனை டெஸ்டர்:
சேர்க்கலாம். ஆனால் 2023இல் பயன்பாட்டு எளிமைக்கே ‘இன்டராக்ஷன் கேப்பபிலிட்டி’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அட்டவணையில் கவனம்.