உட்லேண்ட் கேமோ எம்-65 ஜாக்கெட்: மாற்றித் தைத்ததை வாங்கலாமா, சர்ப்ளஸில் எடுத்து நாமே செய்யலாமா?

ஸ்கார்பரோ_குளிர்
டொராண்டோவில் இருக்கிறேன். இணையத்தில் ஒருவர் அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்-65 ஜாக்கெட்டை எடுத்து (உட்லேண்ட் கேமோ, அந்தப் பச்சை, பழுப்பு, கறுப்புத் திட்டுகள் போட்டது), முதுகில் பெரிய எம்பிராய்டரி, கையில் பேட்ச் எல்லாம் வைத்து, இடுப்பையும் பிடித்துத் தைத்து விற்கிறார். பார்க்க அட்டகாசமாக இருக்கிறது, ஆனால் சர்ப்ளஸ் கடை (ராணுவம் கழித்துவிட்ட சரக்கை விற்கும் கடை) விலையைப் போல மூன்று மடங்கு கேட்கிறார். அசல் ராணுவச் சரக்குதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இல்லை, சாதாரண ஒன்றை வாங்கி நானே கறுப்புச் சாயம் ஏற்றி பேட்ச் வைத்துக்கொள்ளலாமா? டிசம்பரில் சென்னை போய் அங்கிருந்து யாழ்ப்பாணம் ஒரு கல்யாணத்துக்கும் போகிறேன், அப்போது போட்டுக்கொண்டு போக ஆசை.

பழசுக்கடை_ராஜா
படத்தை விடுங்கள், உள்லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அசல் எம்-65இல் 'கோட், கோல்ட் வெதர், ஃபீல்ட்' என்று இருக்கும், பக்கத்தில் ஒப்பந்த எண் இருக்கும். டிஎல்ஏ100 (டிஎல்ஏ என்பது அமெரிக்க ராணுவத்துக்குச் சரக்கு வாங்கும் துறை) என்று தொடங்கினால் அடுத்த இரண்டு இலக்கம் வருடம், 84 என்றால் 1984. அதற்கு முந்தைய காலத்தில் அந்தத் துறைக்கே வேறு பெயர், எண் டிஎஸ்ஏ100 என்று தொடங்கும்; 1977இல்தான் டிஎல்ஏ ஆனது. ஸ்டாக் எண் இருந்தால் 13 இலக்கம், 8415 என்று ஆரம்பிக்கும், அதற்கடுத்த இரண்டு இலக்கம் நாடு: 00 அல்லது 01 என்றால் அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி. ஜெர்மன் ஃப்ளெக்டார்ன், பிரிட்டிஷ் டிபிஎம் கேமோ உடுப்புகள் வாங்கும்போதும் இதே கணக்குதான்.

ரோத்கோ, மில்-டெக் மாதிரி கம்பெனிகள் புதிதாகவே தைத்து விற்பதும் உண்டு. போட்டுக்கொள்ள அது மோசமில்லை. சர்ப்ளஸ் என்று சொல்லி சர்ப்ளஸ் விலைக்கு விற்றால்தான் தப்பு.

அளவில் கவனம். உள்ளே லைனரும் ஸ்வெட்டரும் போட்டு அதற்கு மேல் போடுவதற்காக வெட்டிய உடுப்பு, அதனால் பெரிதாகவே இருக்கும். வழக்கமாக மீடியம் போடுபவருக்கு ஸ்மால் சரியாக வரும். மார்பளவு தவிர ஷார்ட், ரெகுலர், லாங் என்று உயரக் கணக்கும் தனியாக உண்டு, நம் ஆட்கள் பலருக்கு ஷார்ட்தான் கைநீளம் சரியாக உட்காரும். அப்புறம், பட்டன் போட்டு மாட்டும் அந்த லைனர் இல்லாமல் டொராண்டோ ஜனவரிக்கு இதை நம்ப வேண்டாம், இலையுதிர் காலத்துக்குப் போதும்.

நூல்கண்டு
நான் ஆல்டரேஷன் வேலை செய்கிறவள், சாயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தத் துணி பாதி நைலான், பாதி பருத்தி. பருத்திக்கான சாயம் மட்டும் போட்டால் நைலான் பங்கு சரியாகப் பிடிக்காது, கறுப்பு கேட்ட இடத்தில் ஒரு வெளிறிய சாம்பல்தான் வரும். இரண்டுக்கும் சேர்த்து வரும் பொதுச் சாயத்தை நல்ல சூட்டில் கிளறிக்கொண்டே போட வேண்டும், கிளறுவதை நிறுத்தினால் திட்டுத் திட்டாக நிற்கும். பாலியஸ்டர் நூலில் தைத்திருந்தால் தையல் கறுக்காது, பழைய பச்சையிலேயே கோடு கோடாகத் தெரியும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. கேமோ முழுதாக மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், கறுப்புக்கு அடியில் நிழல் மாதிரி தெரிந்துகொண்டே இருக்கும், எனக்குக் கேட்டால் அதுதான் அழகே.

பேட்சை இஸ்திரி போட்டு ஒட்ட வேண்டாம். நைலான் சூட்டில் பளபளத்துவிடும், பசையும் நாலு துவைப்பில் விட்டுவிடும். ஜீன்ஸ் ஊசி போட்டுத் தைப்பதுதான் சரி. மார்பில் இருந்த பெயர்ப்பட்டையைப் பிரித்தால் அடியில் வெயில் படாத துணி நல்ல நிறத்தில் நீள்சதுரமாகத் தெரியும், அந்த அளவுக்கே பேட்ச் எடுத்தால் மறைந்துவிடும். முதுகில் பெரிய எம்பிராய்டரி என்றால் உள்துணியையும் சேர்த்துக் குத்தியிருக்கிறார்களா என்று உள்பக்கப் படம் கேளுங்கள். சேர்த்துக் குத்தியிருந்தால் முதுகு அட்டை மாதிரி விறைத்து நிற்கும்.

கைநீளத்தைக் குறைப்பது மட்டும் பெரிய வேலை. மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டையும் உள்ளே மடிந்து நிற்கும் துணியும் இருப்பதால் எல்லாவற்றையும் பிரித்து மேலே ஏற்ற வேண்டும், கூலி ஜாக்கெட் விலைக்கே வந்துவிடும். இடுப்புக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, உள்ளேயே இழுக்கிற கயிறு இருக்கிறது.

வல்லைவெளி
தம்பி, யாழ்ப்பாணத்துக்கு மட்டும் கொண்டு போக வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு பக்கம் வையுங்கள். அங்கே கேமோ போட்ட ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தால் என் அம்மா வயதுக்காரர்களுக்கு முதலில் நெஞ்சுதான் இடிக்கும், பேஷன் என்று பிறகுதான் தெரியும். கல்யாண வீட்டில் அது எதற்கு? கறுப்புச் சாயம் ஏற்றினாலும் நிழல் தெரியும் என்று மேலே அக்கா சொல்லிவிட்டார்.

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்
சென்னை டிசம்பருக்கு எம்-65ஆ? வேர்த்தே செத்துவிடுவீர்கள் ப்ரோ :)

சீரியஸாகவே, இங்கே கேமோ பேன்ட் போட்ட பையன்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம், ஆனால் கவனம் வேண்டும். ராணுவ வீரர் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்தோடு அந்த உடுப்பைப் போட்டால் இந்தியாவின் புதிய குற்றவியல் சட்டமான பிஎன்எஸ் 168இன் கீழ் குற்றம், பழைய ஐபிசியில் 140ஆவது பிரிவு. 2016இல் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு, பொதுமக்கள் ராணுவ மாதிரி உடுப்பைப் போட வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரியில் வந்த புது டிஜிட்டல் கேமோவின் வடிவத்தை ராணுவம் தன் பெயரில் பதிவே செய்துவிட்டது. உங்களுடையது அமெரிக்கப் பழசுதான், ஆனால் விமான நிலையத்தில் நிற்கும் சிஐஎஸ்எஃப்காரருக்கு உட்லேண்டுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் விளக்கிக்கொண்டா இருப்பீர்கள்?

பழசுக்கடை_ராஜா
கனடாவிலும் குற்றவியல் சட்டம் 419ஆவது பிரிவு இருக்கிறது, வெளிநாட்டு ராணுவச் சீருடைக்கும் அது பொருந்தும். உட்லேண்டை அமெரிக்க ராணுவம் 2008லேயே சேவையிலிருந்து எடுத்துவிட்டது, அதனால் ஜீன்ஸோடு ஜாக்கெட் மட்டும் போட்டால் யாரும் உங்களைச் சிப்பாய் என்று நினைக்கப் போவதில்லை. இருந்தாலும் 'யு.எஸ். ஆர்மி' பட்டை, ரேங்க், யூனிட் பேட்ச் எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். குளிருக்குத் தப்பி பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் கேமோவை வீட்டிலேயே விட்டுப் போக வேண்டும். அங்கே பொதுமக்கள் அதைப் போடவே கூடாது, பார்படோஸில் குழந்தைகளுக்குக்கூட விலக்கு இல்லை.

ஸ்கார்பரோ_குளிர்
எல்லோருக்கும் நன்றி. சரி, பயணத்துக்கு வேண்டாம், இங்கேயே போட்டுக்கொள்கிறேன். வல்லைவெளி அண்ணை சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, நான் இங்கே பிறந்து வளர்ந்தவன். விற்பவர் லேபிள் படம் அனுப்பியிருக்கிறார், டிஎஸ்ஏ100-74 என்று இருக்கிறது. '1974 அசல், வியட்நாம் காலத்துச் சரக்கு' என்கிறார். அப்படியென்றால் விலை நியாயம்தானே?

பழசுக்கடை_ராஜா
வாங்காதீர்கள். உட்லேண்ட் வடிவம் அமெரிக்க ராணுவத்துக்கு வந்ததே 1981இல்தான். 1974 எம்-65 என்றால் ஒரே நிற ஆலிவ் பச்சையாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு பழைய பச்சை ஜாக்கெட்டின் லேபிளைப் பிரித்து இதில் தைத்திருக்கிறார்கள், லேபிள் ஓரத்துத் தையலைப் பெரிதாக்கிப் பாருங்கள், நூலின் நிறமே வேறாக இருக்கலாம். எம்பிராய்டரி நிஜமாகவே பிடித்திருந்தால் கடையில் கிடைக்கும் புது ஜாக்கெட்டின் விலையும் எம்பிராய்டரிக் கூலியும் கூட்டி அந்தத் தொகையைச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு டாலர் தர வேண்டாம்.

நூல்கண்டு
அந்த எம்பிராய்டரி உள்பக்கப் படத்தையும் வாங்கிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.