புதுப்பிப்பு: அப்பாவின் நெஞ்செலும்பு

பைபாஸ் முடிந்த மூன்றாவது வாரம், அப்பா இருமும்போதெல்லாம் நெஞ்சில் 'டக்' என்று சத்தம் வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கை வைத்தால் எலும்பு நகர்வது தெரிந்தது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

சிடி ஸ்கேனில் காரணம் தெரிந்துவிட்டது. ஆபரேஷனுக்காக நடுவில் பிளந்த நெஞ்செலும்பை ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டுவதுதான் வழக்கம். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு, எலும்பும் மெலிந்திருந்தது. அவித்த முட்டையை நூல் அறுப்பது போல, ஒவ்வொரு இருமலுக்கும் கம்பி எலும்பை அறுத்திருக்கிறது.

இதற்கு 1977-இலேயே ரோபிசெக் என்ற இதய அறுவை மருத்துவர் ஒரு வழி சொன்னார்: இரு ஓரங்களிலும் நெடுக்காகக் கம்பி பின்னி, அதன்மேல் குறுக்குக் கம்பி கட்டுவது. அப்பாவுக்கு டாக்டர் தேர்ந்தெடுத்தது டைட்டேனியம் தகடு. உடைந்த காலுக்கு வைப்பார்களே, அதே மாதிரி ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கிறார்கள். செலவு கூடுதல்தான். ஆனால் சர்க்கரையோ எலும்புத் தேய்மானமோ இருந்தால், நெஞ்செலும்பை எப்படி மூடப்போகிறீர்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

சத்தம் நின்றுவிட்டது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். நேற்று அவராகவே சட்டை போட்டுக்கொண்டார்.