ஹெலிகாப்டர் பைலட் வேலை: ஜூஹு பக்கம் கேட்டதும் பார்த்ததும்

மும்பை செம்பூரிலிருந்து ஒருவர்:
அக்கா பையன் பிளஸ் டூ படிக்கிறான். ஓட்டினால் ஹெலிகாப்டர்தான் என்று பிடிவாதமாக இருக்கிறான். எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், ராணுவத்தில் ஓட்டியவர், இப்போது மும்பை ஜூஹு விமானத் தளத்திலிருந்து கடல் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோகிறார். அவரிடம் கூட்டிப் போனேன்.

சம்பளம் எப்படி என்றுதான் முதலில் கேட்டேன். "அதை அப்புறம் பேசலாம் சார். முதல் வேலைக்கு எத்தனை மணி நேரம் கேக்கிறாங்கன்னு விசாரிங்க" என்றார். சம்பளத்துக்கு ஓட்டத் தேவையான வணிக உரிமம் வாங்க, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கேட்பது 150 மணி நேரப் பறத்தல். ஆனால் அதே வேலைக்கு ராணுவத்திலிருந்து வந்தவரும் விண்ணப்பிக்கிறார். அவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர், மலையும் இரவும் அவருக்குப் பழக்கம். கம்பெனி யாரை எடுக்கும்? சொந்தக் காசில் மணி நேரத்தைக் கூட்டலாம் என்றால், சின்னப் பயிற்சி விமானத்தைவிட ஹெலிகாப்டருக்குச் செலவு பல மடங்கு.

அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இது. கேதார்நாத் யாத்திரைச் சேவையில் பெரும்பாலும் ஒற்றை எஞ்சின், ஒரே பைலட். புதியவன் பக்கத்தில் உட்கார்ந்து பழக அங்கே வாய்ப்பே இல்லை; கோயில் நடை சாத்தினால் அந்த வேலையும் நின்றுவிடும். கடல் வேலையில் இரட்டை எஞ்சின், இரண்டு பைலட், வருஷம் முழுக்கப் பறத்தல். கோ-பைலட்டாக நுழைய வழி இருப்பது அங்கேதான். கமாண்டர், அதாவது தலைமை பைலட், ஆன பிறகுதான் சம்பளம் நன்றாக ஏறும், அதுவரை பொறுமை வேண்டும் என்றார். பையன் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆசை குறைந்ததாகத் தெரியவில்லை, எனக்கும் அதில் சந்தோஷமே.

டோம்பிவிலியிலிருந்து ஒருவர்:
நான் அந்தக் கடல் வேலை ஹெலிகாப்டரில் பயணியாகப் போகிறவன். மும்பை ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்து காற்று அடிக்கும்போது, கடலுக்கு நடுவே அந்தச் சின்னத் தளத்தில் அவர்கள் இறக்குவதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஹெலிகாப்டர் தண்ணீரில் கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது என்று எங்களுக்கும் பயிற்சி உண்டு. கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் தலைகீழாகப் புரட்டுவார்கள். அதற்குப் பிறகு பைலட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அதிகம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர்:
என் மகள் உரிமம் வாங்கிவிட்டாள். ஒரு பயிற்சிப் பள்ளி வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்திருந்தது. போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே பறக்கிறார்கள் என்று கேட்டோம். கடைசிவரை பதில் வரவில்லை, வேறு இடத்தில் சேர்த்தோம். இப்போது ஒரு ஹெலிகாப்டர் கம்பெனியின் ஆபரேஷன்ஸ் பிரிவில், தரையில்தான் வேலை. சம்பளம் சுமார்தான். ஆனால் எந்த ஹெலிகாப்டருக்கு எப்போது ஆள் தேவை என்பது அங்கே முதலில் தெரிந்துவிடும். கோ-பைலட் இடத்துக்குக் காத்திருக்கிறாள்.

செம்பூர் சார், எந்தப் பள்ளிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் பையனுக்கு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். முதலில் கிளாஸ் 2, அப்புறம் வணிக உரிமத்துக்கான கிளாஸ் 1. கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.