புதுப்பிப்பு: அகமதாபாத்தில் சனி, ஞாயிறு – எது கைகொடுத்தது?

வேலையாக அகமதாபாத் போகிறேன், வார இறுதி ஓய்வு, ஊரில் யாரையும் தெரியாது, என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பழைய நகரில் நடக்கச் சொன்னவருக்குத்தான் முதல் வணக்கம். சனிக்கிழமை காலை காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் வழிகாட்டியுடன் தொடங்கும் நடை, 1424இல் கட்டப்பட்ட ஜும்மா மசூதியில் முடிகிறது. இடையில் ‘போல்’ எனப்படும் குறுகலான குடியிருப்புச் சந்துகள், செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் வீடுகள். சந்துக்குள் ஒரு கம்பத்தின் உச்சியில் குட்டி மண்டபம் போல ஒன்று நின்றது. பறவைகளுக்குத் தானியம் வைக்கும் இடமாம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவில் மாணெக் சௌக். பகலில் நகைக்கடைத் தெரு, கடைகள் அடைத்ததும் அங்கேயே உணவுக்கடைகள். பசியோடு போங்கள்.

ஞாயிறு அடாலஜ் படிக்கிணறு. 1499இல் முடிந்தது, ஐந்து அடுக்கு ஆழம். நகருக்கு வெளியே இருப்பதால் போகவர ஆட்டோ பேசிக்கொண்டேன். நான் எதிர்பாராதது அந்தக் குளிர்ச்சி: மேலே வெயில் கொளுத்த, இறங்க இறங்க உடம்பு தணிந்தது. மதியம் சபர்மதி ஆசிரமம். நுழைவுக் கட்டணம் இல்லை.

காலிகோ ஜவுளி அருங்காட்சியகத்தைப் பரிந்துரைத்திருந்தார்கள். அதற்கு முன்பதிவு கட்டாயம்; பயணத் தேதி உறுதியானவுடன் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.