ரெய்ஸ்மனின் 1969 ஆய்வே 2014 முடிவுக்கு எதிர்ச்சாட்சியா?

மருதன்:
நரம்பியல் ஆய்வாளர் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் என்றாலே போலந்து அறுவை சிகிச்சையோடு பேச்சு நின்றுவிடுகிறது: தண்டுவடம் அறுபட்டுக் கால்கள் முடங்கிய ஒருவருக்கு முகர்நரம்பு சார்ந்த செல்களைச் செலுத்தியதும் அசைவு ஓரளவு திரும்பியது என்று 2014-ல் அறிவித்தார்களே, அதுதான். அடித்தளம் 1969-ல் போட்டது. எலி மூளையின் செப்டல் பகுதிக்கு இரண்டு வழியாக நரம்பிழைகள் வருகின்றன. ஒன்றை வெட்டினார், காலியான இணைப்பிடங்களை மற்றது பிடித்துக்கொண்டதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார். வளர்ந்த மூளை புது இணைப்பு போடாது என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் கண்டது.

பிறகு மூக்கு. முகர்நரம்பு வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைத்து மூளைக்குள் நுழைகிறதே, வாசலைத் திறந்துவிடுவது எது? இழைகளைப் போர்த்தியிருக்கும் உறைசெல்கள் என்று 1985-ல் சொன்னார். 1997-ல் அவற்றைத் தண்டுவடத்தில் செலுத்தியதும், முன்னங்காலை நீட்டி இரை எடுக்க முடியாமலிருந்த எலிகள் மீண்டும் எடுத்தன. 2014 அதன் நிரூபணம்.

செவ்வந்தி:
முதல் பத்தியில் முழு உடன்பாடு. "நிரூபணம்" என்ற சொல்லில்தான் சிக்கல். போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் அறுவை மருத்துவர் பாவெல் தபாகோவின் குழு செய்தது என்ன? மண்டைக்குள் மணச்செய்தி வந்து சேரும் முகர்குமிழ்கள் இரண்டில் ஒன்றை எடுத்து, அதன் செல்களைச் சுமார் இரண்டு வாரம் வளர்த்து, ஏறத்தாழ 5 லட்சம் செல்களை 100 நுண்ணூசிகளாகக் காயத்தின் மேலும் கீழும் செலுத்தினார்கள். 8 மி.மீ. இடைவெளியில் கணுக்காலிலிருந்து எடுத்த நரம்பின் நான்கு துண்டுகளைப் பாலமாக வைத்தார்கள். கூடவே வாரம் 5 நாள், நாளுக்கு 5 மணி நேரப் பயிற்சி. செல்லா, பாலமா, பயிற்சியா? ஒரே நோயாளியை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது.

மருதன்:
பயிற்சி அறுவைக்கு முன்னும் பல மாதம் நடந்தது, ஒன்றும் அசையவில்லை. பாலம் மட்டும் போதாது என்பதும் தெரிந்ததே: புறநரம்புத் துண்டுக்குள் மைய இழைகள் வளரும் என்று 1981-லேயே டேவிடும் அகுவாயோவும் காட்டினார்கள், ஆனால் மறுமுனையில் வெளியேறுமிடத்தில் நின்றுவிடும். புறநரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்லைக் கண்டால், தண்டுவடத்தின் தாங்குசெல்களான ஆஸ்ட்ரோசைட்டுகள் கரைகட்டி விலகிவிடும், உறைசெல்லோடு கலந்துவிடும். அதனால்தான் இரு முனைகளிலும் ஊசி. இன்னொன்று: துண்டுகள் வைத்தது இடப்பக்கம், சதை பிடித்தது இடத்தொடை. மூளையிலிருந்து வரும் இயக்க இழைகள் காயத்துக்கு மேலே, மூளைத்தண்டின் அடியிலுள்ள முகுளத்திலேயே பக்கம் மாறிவிடுவதால் இது பொருந்துகிறது.

இளங்கோ:
இது ஸ்டெம் செல் சிகிச்சைதானே? விளம்பரங்களில் அப்படித்தான் வருகிறது.

செவ்வந்தி:
இல்லை இளங்கோ. உறைசெல் ஒரு கிளியா செல், அதாவது நரம்புசெல்லுக்குத் துணைநிற்கும் செல். ஸ்டெம் செல் இருப்பது மூக்குச் சவ்வின் அடியடுக்கில். அந்தச் சவ்வை அப்படியே தண்டுவடத்தில் வைத்த ஒருவருக்கு 8 ஆண்டு கழித்து அங்கே சளி சுரக்கும் கட்டி வந்தது 2014-ல் பதிவாகியிருக்கிறது. சவ்விலிருந்து செல்லைப் பிரித்தாலும் ஷ்வான் செல் கலந்துவிடும். உறைசெல்லை அடையாளம் காணப் பயன்படுத்தும் பி75 சாயம் இரண்டிலும் ஏறும், அதை மட்டும் நம்பி எண்ணினால் கணக்கு தப்பும்.

மருதன், இடத்தொடை வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலப்பக்கம் தண்டுவடத்தில் ஒரு மெல்லிய திசுப்பட்டை அறுபடாமல் இருந்தது. அதைத் தழும்பு என்றார்கள். ஆனால் தண்டுவடக் காயத்தை மதிப்பிடும் ஏஷியா அளவுகோலில் அறுவைக்கு முன் அவர் பெற்ற "ஏ" (முழு முடக்கம்) என்பது படுக்கையருகே சோதித்துத் தரும் தரம். இழை ஒன்றுகூட மிச்சமில்லை என்று அதற்குப் பொருளில்லை. மிஞ்சிய சில இழைகள் கிளைவிட்டுக் காலியிடங்களைப் பிடித்திருந்தால்? அது 1969-ல் ரெய்ஸ்மனே கண்டது. அறுவைக்குப் பின் கிடைத்த "சி" தரத்திலும் பாதிக்கு மேற்பட்ட முக்கியத் தசைகள் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க வலுவில்லாதவை.

மருதன்:
கிளைவிடுதல் என்றால் இடத்தொடை முந்தியது ஏன் என்று விளக்க வேண்டும். இருந்தாலும் "நிரூபணம்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பாலம் மட்டும் வைத்த குழு ஒன்று வேண்டும்.

செவ்வந்தி:
அந்தக் குழுவுக்கு மண்டையைத் திறப்பீர்களா? திறக்காவிட்டால் யாருக்குச் செல் போனது என்று நோயாளிக்கே தெரிந்துவிடும், பயிற்சியில் காட்டும் முனைப்பும் மாறிவிடும். திறந்தால், பயனில்லாமல் ஒருவரின் முகர்குமிழில் கைவைக்கிறோம்.