கொய்யா ஜெலி கலங்கிப் போகிறது, எந்த வடி வாங்குவது?

கேள்வி (மானிப்பாய்):
யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் இரண்டு கிலோ கொய்யாப்பழம் வாங்கி ஜெலி செய்து பார்த்தேன். அவித்த பழத்தை மிக்சியில் ஒரு சுற்று விட்டு, தேத்தண்ணி வடியில் ஊற்றினேன். இறங்கவில்லை என்று அகப்பையால் அழுத்தினேன். போத்தலில் பார்த்தால் சேற்றுத் தண்ணீர் மாதிரி, வாயில் வைத்தால் நறநற என்கிறது. அம்மா செய்த ஜெலியை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். இப்போது கேட்க அவ இல்லை. கடையில் நைலோன் வடி, எவர்சில்வர் வடி, ஓட்டை பெரிய அலுமினிய வடி மூன்றும் இருக்கின்றன. எது சரி?

பதில் (நல்லூர்):
தங்கச்சி, ஜெலிக்கு இந்த மூன்றும் வேண்டாம், துணி போதும். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டித் துண்டை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கோ. புதுத் துணி என்றால் கஞ்சி போக அவித்து அலச வேண்டும். சவர்க்கார வாசம் துளியும் இருக்கக்கூடாது. ஊற்றுவதற்கு முன் துணியைக் கொதிநீரில் நனைத்துப் பிழியுங்கோ, இல்லாவிட்டால் பாதிச் சாற்றைத் துணியே குடித்துவிடும்.

மிக்சிதான் முதல் பிழை. அதில் விதை உடைந்து தூளாகிவிடும், பிறகு எந்த வடியாலும் பிரிக்க ஏலாது. பழத்தைத் தோலோடு வெட்டி, மூடும் அளவு தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் அவித்தால் காணும். ஸ்டூலைக் கவிழ்த்து நான்கு காலிலும் துணியின் மூலைகளைக் கட்டி, கீழே சட்டி வையுங்கோ. பிறகு தொடக்கூடாது. சொட்டு நிற்கும் நேரத்தில் ஒருக்கால் பிழிந்துவிடலாம் என்று கை போகும். அந்த ஒரு பிழியலில்தான் சதை இறங்கிக் கலங்குகிறது.

பதில் (சாவகச்சேரி):
இரவு முழுக்கத் தொங்கவிடச் சொல்வார்கள். எங்கள் வெக்கைக்கு அது சரிவராது, சாறு புளித்துவிடும். நான் நாலைந்து மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். சட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டம் வையுங்கோ, எறும்பு ஏறாது. ஒரு கப் சாற்றுக்கு முக்கால் கப் சீனி, கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு. நன்றாகப் பழுத்ததோடு பாதி பழுத்ததாக நாலைந்தும் சேருங்கோ. உறைய வைக்கும் பெக்டின் அதில்தான் கூட.

துணியில் மிஞ்சியதை எறியாதீங்கோ. அதற்குத்தான் எவர்சில்வர் வடி. அகப்பையின் முதுகால் தேய்த்தால் விதை மேலே நிற்கும், சதை கீழே வரும். அது ஜாமுக்கு. நைலோன் வலை சூட்டில் தளர்ந்துவிடும். புளிப்புப் பழத்துக்கு அலுமினியம் கூடாது, நிறமும் ருசியும் மாறும்.

பதில் (பருத்தித்துறை):
பிள்ளை, ஜாமுக்கு வலை மிக நுணுக்கமாக வேண்டாம், விதை நின்றால் காணும். ஆவணியில், பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைக்கும் பனாட்டுக்குக் களி எடுக்கும்போதும் இப்படித்தான். பழத்தைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, களியைத் துணியில் போட்டு அழுத்தித்தான் வடிப்போம். துணி நெருக்கமாக இருந்தால் களி நின்றுவிடும், ஐதாக இருந்தால் தும்பு பாயில் போய்க் காயும். அதனால் முதலில் ஐதான துணி, பிறகு கொஞ்சம் நெருக்கமானது.

கேள்வி கேட்டவர்:
நேற்று மறுபடி செய்தேன். மிக்சியைத் தொடவில்லை. ஸ்டூலில் கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன், பக்கத்தில் நின்றால் பிழிந்திருப்பேன். நாலரை மணி நேரத்தில் ஆறு கப் சாறு வந்தது. சீனி போட்டுக் காய்ச்சும்போது தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவைத்து விரலால் தள்ளினேன், மேலே சுருக்கம் விழுந்ததும் இறக்கினேன். போத்தலை யன்னலில் வைத்திருக்கிறேன், வெளியில் நிற்கும் வேம்பு செம்மஞ்சளாகத் தெரிகிறது. மிஞ்சியதை எவர்சில்வர் வடியில் தேய்த்ததில் ஜாமுக்கு இரண்டு கப் சதையும் கிடைத்தது. துணியில் கறை போகவில்லை, அது போக வேண்டுமா?

பதில் (நல்லூர்):
கறை இருக்கட்டும், தங்கச்சி. சவர்க்காரம் போடாமல் வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து மடித்து வையுங்கோ.