மூலதனத் திட்டம் இழுத்துவரும் ஆண்டுச் செலவுக்கு என்ன சொல்?

வணக்கம்.

10 கோடி ரூபாயில் வைத்தியசாலை ஒன்றில் நோயாளர் விடுதி கட்டினால், பிறகு தாதியர் சம்பளம், மருந்து, மின்சாரம், பழுதுபார்ப்பு என்று ஆண்டுக்கு 2 கோடி வேண்டும் என வைத்துக்கொள்வோம். இந்த 2 கோடிக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. 2 ஐ 10 ஆல் வகுத்து வரும் 0.2 ஐ 1970களில் பொருளியலாளர் பீட்டர் ஹெல்லர் 'ஆர் (r) குணகம்' என்று எழுதினார். பாதைகளுக்கு இது சிறிது, வைத்தியசாலைக்குப் பெரிது. 'பராமரிப்புச் செலவு' போதுமா?

—

போதாது அண்ணை. கூரை, பூச்சு, குழாய் பராமரிப்புக்குள் வரும். தாதியர் சம்பளம் வராது. இலங்கை வரவு செலவுத் திட்டத்தின் 'மீண்டெழும் செலவினம்' (ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவு) மறுபக்கம் அகலம்: ஓய்வூதியம், கடன் வட்டி எல்லாம் அதற்குள். (அந்தச் சொல்லே உயிர்த்த ஞாயிறை நினைவூட்டுகிறது, அது வேறு வழக்கு.)

'பின்செலவு' என்பேன். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "இந்தக் கட்டடத்தின் பின்செலவு யார் தலையில்?" சிக்கலே அதுதான். கட்டுவது கொழும்பு அமைச்சோ வெளிநாட்டுக் கொடையோ; சம்பளம் மாகாண சபையின் கணக்கில். ஆளணி அனுமதியை (எத்தனை பேரை வேலைக்கு வைக்கலாம் என்பதற்கான ஒப்புதலை) முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திடம் வேறாக எடுக்கவேண்டும். அத்திவாரம் போடும்போதே கேட்காவிட்டால், திறப்பு விழா முடிந்த கையோடு பூட்டும் விழும்.

—

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் கடன் தவணையையும் பின்செலவு என்று எடுத்துவிடுவார்கள். வரைவிலக்கணத்தில் கடன் முதல், வட்டி, பெறுமானத் தேய்வு (கட்டடம் பழையதாக ஆக அதன் மதிப்பு குறைவது) மூன்றையும் விலக்குங்கள். பழைய விடுதி மூடப்பட்டால் அதன் செலவைக் கழிக்கவேண்டும்: அது 1.2 கோடி என்றால் தேறிய பின்செலவு 0.8 கோடி, குணகம் 0.08. கட்டுமானத் தொகையும் பின்செலவும் ஒரே ஆண்டு விலையில் இருக்கட்டும். 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம், ஆண்டு மாறினால் கணக்கு குப்பை.

இன்னொன்று. பொருளியலாளர்கள் தேவராஜன், சுவரூப், சூ மூவரும் 43 வளர்முக நாடுகளை ஆராய்ந்து 1996 இல் எழுதியதில், அரச செலவில் நடைமுறைச் செலவின் (மீண்டெழும் செலவினத்தின்) பங்கு கூடிய இடத்தில் வளர்ச்சி கூடியது. மூலதனப் பங்கு கூடிய இடத்தில் குறைந்தது. மூலதனம் கெட்டது என்பதல்ல, அளவு மிஞ்சினால் பயன்தராது. பணம் முட்டுப்படும்போது சம்பளத்திலும் வட்டியிலும் கைவைக்க ஏலாது, பராமரிப்புத்தான் முதலில் வெட்டுப்படும். தார் வெடிப்பை அடைக்காமல் விட்டால் மழைநீர் அடித்தளத்துக்குள் இறங்கும், பாதை தாழ்ந்துவிடும். பிறகு முழுப்பாதையும் புதிதாகப் போடவேண்டும். அது ஏட்டில் 'மூலதன முதலீடு' என்று அழகாக ஏறும்.

—

சரி, சொற்பட்டியலில் இடுகிறேன். பின்செலவு: ஒரு மூலதனத் திட்டம் முடிந்தபின் அதை இயக்கவும் பேணவும் ஆண்டுதோறும் மேலதிகமாக வேண்டிய தொகை, கடன் மீளளிப்பும் வட்டியும் தேய்வும் நீங்கலாக.

குணகத்துக்கு 'பின்செலவு விகிதம்' (ratio) என்று போடவா? மேலே இருப்பது ஆண்டுக்கணக்கு, கீழே இருப்பது ஒருமுறைத் தொகை. அப்படிப் பார்த்தால் 'வீதம்' (rate) என்பதே பொருந்தும் போலத் தெரிகிறது.